தொடங்கும்போதே மீண்டும் மீண்டும் மீளத் தொடங்கும் கணினி – வழுவைக் கண்டறியும் முறை

பின்வரும் வினாவை முதலில் வாசியுங்கள்.

மாணவி ஒருவரின் வீட்டுக் கணினியை இயக்கியதும் தாய்ப்பலகை உற்பத்தியாளரின் சின்னம் திரையில் தோன்றுகின்றது. அடுத்து விண்டோஸ் சின்னம் தோன்றுகின்றது. சில செக்கன்களில் திரை இருண்டு, கணினி தானாகவே முதலிலிருந்து தொடங்குகின்றது. இது முடிவின்றித் தொடர்கின்றது. பரீட்சைக்காக அவர் தயாரித்த செயற்றிட்டக் கோப்புகள் யாவும் அக்கணினியின் வன்தட்டில் உள்ளன. வேறு பிரதி எதுவும் இல்லை.

(அ) இவ்வழுவுக்கான காரணங்கள் இரண்டு தருக.
(ஆ) வழு வன்பொருளிலா மென்பொருளிலா உள்ளது என அறிவதற்கு இலகுவான சோதனை ஒன்றை விவரிக்க.
(இ) பணிசெயல் முறைமையை மீள நிறுவுவதற்கு முன்னர் அவர் செய்ய வேண்டியது யாது? ஏன்?

இத்தகைய வினாவுக்கு மாணவர் பலர் எழுதும் விடை, "வைரஸ் தாக்கியுள்ளது, விண்டோசை மீள நிறுவ வேண்டும்" என்பதே. அவ்விடை முற்றிலும் பிழை எனக் கூற முடியாது. ஆனால் வினாவில் தரப்பட்ட அவதானிப்புகளில் ஒன்றைக்கூட அது பயன்படுத்தவில்லை. வீட்டில் இப்பிரச்சினை ஏற்படும்போதும் இதுவே நிகழ்கின்றது. கணினியைத் திருத்தும் கடைக்குக் கொண்டு செல்கிறோம், "போமற் பண்ணினால் சரி" என்கிறார்கள், நாமும் தலையசைக்கிறோம். மறுநாள் கணினி நன்றாக இயங்குகின்றது, ஆனால் ஒரு வருட வேலை அழிந்திருக்கும். சில வேளை கோப்புகளும் அழிந்து, கணினியும் முன்போலவே மீளத் தொடங்கிக்கொண்டிருக்கும். ஏனெனில் பழுது இருந்தது வன்தட்டில் அல்ல, வலு வழங்கியில்.

ஆகவே இவ்வலகை மனனம் செய்யாமல், கணினி தொடங்கும்போது உள்ளே என்ன நடைபெறுகின்றது என்பதிலிருந்து விளங்கிக் கொள்வோம்.

கணினி தொடங்கும் ஒழுங்கு

ஆளியை அழுத்தியவுடன் முதலில் விழிப்பது செயலி அல்ல, வலு வழங்கியே. எமது நாட்டின் வீட்டு மின்சாரம் 230 வோல்ற்று, 50 ஹேட்ஸ் ஆடலோட்டமாகும். வலு வழங்கி இதனை 12, 5, 3.3 வோல்ற்று நேரோட்டங்களாக மாற்றுகின்றது. இவ்வோல்ற்றளவுகள் உறுதியடைந்த பின்னர், ஏறத்தாழ 0.1 முதல் 0.5 செக்கன் வரையான இடைவெளி விட்டு, "வலு சீராக உள்ளது" எனும் சமிக்ஞை ஒன்றைத் தாய்ப்பலகைக்கு அது அனுப்பும். அச்சமிக்ஞை கிடைக்கும் வரை செயலி மீளமைப்பு நிலையிலேயே நிறுத்தி வைக்கப்பட்டிருக்கும்.

இந்த இடத்தை இரண்டாவது தடவையும் வாசியுங்கள். கணினி இயங்கிக்கொண்டிருக்கும்போது வோல்ற்றளவு தளர்ந்து, அந்தச் சமிக்ஞை ஒரு கணம் அற்றுப்போனால் என்னவாகும்? செயலி உடனே மீளமைப்பு நிலைக்குத் தள்ளப்படும். சமிக்ஞை திரும்பியதும் முதலிலிருந்து தொடங்கும். திரையில் வழுச்செய்தி எதுவும் தோன்றாது. செய்தி எழுதுவதற்குச் செயலிக்கு நேரம் இருக்கவில்லை அல்லவா? காரணமே கூறாமல் கணினி மீளத் தொடங்குகின்றது என்றால் வலுவைச் சந்தேகிக்க வேண்டும் என்பதன் அடிப்படை இதுதான்.

சமிக்ஞை கிடைத்த செயலி, பயோஸ் எனும் நிலைபொருளிலுள்ள முதலாவது அறிவுறுத்தலை வாசிக்கின்றது. பயோஸ் நினைவகத்தையும் விசைப்பலகையையும் காட்சி அட்டையையும் சோதிக்கும். இது தொடக்கச் சுயசோதனை எனப்படும். சோதனையில் தவறு காணப்பட்டால் சிறிய ஒலிபெருக்கி மூலம் "பீப்" ஒலிகள் எழும். அவற்றின் பொருள் பயோஸ் தயாரிப்பாளருக்கேற்ப வேறுபடுவதால், தாய்ப்பலகையுடன் தரப்பட்ட கைந்நூலைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

சோதனை முடிந்ததும் வன்தட்டின் முதலாவது துண்டம் வாசிக்கப்படும். பழைய முறையில் இத்துண்டம் வெறும் 512 பைற்றுகள் கொண்டது. அதில் 446 பைற்றுகள் தொடக்க நிரல், 64 பைற்றுகள் பிரிவகை அட்டவணை, எஞ்சிய 2 பைற்றுகள் அடையாளக் குறி. இத்தனை சிறிய நிரல்தான் பணிசெயல் முறைமையின் தொடக்க நிரலைத் தேடிப் பிடித்துக் கொடுக்கின்றது. பின்னர் பணிசெயல் முறைமையின் கருவும், அதைத் தொடர்ந்து சாதனச் செலுத்திகளும், அதாவது டிரைவர்களும், நினைவகத்தில் ஏற்றப்படும். இறுதியில் பயனர் நுழையும் திரை தோன்றும். தற்காலக் கணினிகளில் பயோசுக்குப் பதிலாக யூ.ஈ.எப்.ஐ. எனும் நிலைபொருள் உள்ளது. படிமுறைகளின் ஒழுங்கு பெரிதும் இதுவே.

எப்போது மீளத் தொடங்குகின்றது?

வைத்தியர் மருந்து எழுதுமுன் "காய்ச்சல் எந்த நேரம் வருகிறது?" எனக் கேட்பார். நீங்களும் கடதாசி ஒன்றை எடுத்துக்கொண்டு, கையில் கடிகாரத்துடன் கணினிக்கு முன்னால் அமருங்கள். கணினியை நான்கைந்து தடவை மீளத் தொடங்க விட்டு, ஒவ்வொரு தடவையும் எத்தனையாவது செக்கனில், திரையில் எது தெரியும்போது அது நிகழ்ந்தது எனக் குறியுங்கள். (வன்தட்டிலிருந்து "டிக், டிக்" என ஒலி கேட்குமாயின் இதைச் செய்ய வேண்டாம், உடனே நிறுத்தி, வன்தட்டு பற்றிய பகுதிக்குச் செல்லுங்கள்.)

குறிப்புகள் பெரும்பாலும் மூன்று கோலங்களில் ஒன்றாக அமையும். ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில், உதாரணமாக விண்டோஸ் சின்னம் தோன்றிய பின், மீளத் தொடங்குமாயின் அது மென்பொருளையோ வன்தட்டில் பழுதடைந்த குறித்த ஒரு கோப்பையோ சுட்டும். முதற் தடவை ஐந்து நிமிடம், அடுத்தது மூன்று நிமிடம், அடுத்தது ஒரு நிமிடம் என நேரம் குறைந்துகொண்டே வந்து, அரை மணித்தியாலம் ஆறவிட்டபின் மீண்டும் ஐந்து நிமிடம் இயங்குமாயின் அது வெப்பம். எந்த ஒழுங்கும் இன்றி, ஒரு தடவை சின்னத்திற்கு முன்னும் மறு தடவை கடவுச்சொல் கேட்கும்போதும் நிகழுமாயின் வலு அல்லது நினைவகம்.

அடுத்துச் செய்ய வேண்டியது, என் கருத்தில் இவ்வலகிலேயே மிகப் பயனுள்ள சோதனை. இதற்குக் கருவி எதுவும் தேவையில்லை. கணினியை இயக்கியவுடன் டிலீற் விசையை (சிலவற்றில் எஃப்2 விசையை) விட்டு விட்டு அழுத்திப் பயோஸ் அமைப்புத் திரைக்குள் செல்லுங்கள். எதையும் மாற்றாமல் அப்படியே இருபது நிமிடம் விட்டு விடுங்கள். அத்திரை இயங்கும்போது விண்டோஸ் ஏற்றப்படவில்லை; வைரசும் ஏற்றப்படவில்லை. அப்படியிருந்தும் கணினி மீளத் தொடங்குமாயின், விண்டோசை நூறு தடவை மீள நிறுவினாலும் பயன் இல்லை. வழு வன்பொருளிலேயே உள்ளது. மாறாக, பயோஸ் திரையில் இருபது நிமிடமும் அசையாது நின்று, விண்டோஸ் ஏறும்போது மட்டும் மீளத் தொடங்குமாயின் பணிசெயல் முறைமை, சாதனச் செலுத்தி, வன்தட்டு ஆகியவற்றின் பக்கம் பார்வையைத் திருப்பலாம்.

இரண்டாவது முடிவு நூற்றுக்கு நூறு உறுதியானதல்ல. பயோஸ் திரையில் நினைவகத்தின் சிறு பகுதியே பயன்படுகின்றது. காட்சி அட்டையும் சிறிதளவு வலுவையே இழுக்கின்றது. விண்டோஸ் ஏறும்போது இரண்டும் கூடும். தளர்ந்துபோன வலு வழங்கி பயோசில் தாக்குப் பிடித்து, விண்டோசில் விழுந்துவிடக் கூடும். ஆனால் முதலாவது முடிவில் இவ்வாறான ஐயம் இல்லை.

வலு

வெளியிலிருந்து உள்ளே செல்வதே முறை. கணினியின் பிளக் சுவர்ச் சொக்கற்றில் தளர்ந்திருக்கிறதா? நீட்சி வயரில் குளிர்சாதனப் பெட்டியும் மின்னழுத்தியும் கூடச் செருகப்பட்டுள்ளனவா? குளிர்சாதனப் பெட்டியின் மோட்டர் தொடங்கும் கணத்தில் மின்குமிழ் மங்குவதைக் கண்டிருப்பீர்கள். அந்த மங்கல் நலிந்த வலு வழங்கி ஒன்றுக்குப் போதும். யூ.பி.எஸ். வைத்திருப்போர் அதன் மின்கலம் கிழடாகிவிட்டதா எனப் பார்க்க வேண்டும். அதைத் தவிர்த்துக் கணினியை நேரடியாகச் சுவரில் செருகி ஒரு தடவை இயக்கினால் விடை தெரிந்துவிடும்.

பழைய வலு வழங்கிகளின் பின்புறத்தில் 115, 230 எனக் குறித்த சிறு சிவப்பு ஆளி ஒன்று இருக்கும். எமது நாட்டில் அது எப்போதும் 230இல் இருக்க வேண்டும். விளையாட்டாக அதை 115இற்குத் தள்ளிவிட்டுக் கணினியை இயக்கினால் மீளத் தொடங்கும் பிரச்சினை அல்ல, புகை கிளம்பும் பிரச்சினையே வரும்.

ஆசிரியரின் துணையுடன் பல்மானி கொண்டு அளக்கவும் முடியும். வலு வழங்கியிலிருந்து பயன்படுத்தப்படாமல் தொங்கும் நான்கு முள் இணைப்பியைத் தெரிவு செய்க. மஞ்சள் வயர் 12 வோல்ற்று, சிவப்பு வயர் 5 வோல்ற்று, கறுப்பு வயர்கள் இரண்டும் புவி. ஏற்கத்தக்க விலகல் 5 சதவீதமாகும். எனவே மஞ்சளில் 11.4 முதல் 12.6 வரையும், சிவப்பில் 4.75 முதல் 5.25 வரையும் காணப்படலாம். கணினி தொடங்கும் கணத்தில் 12 வோல்ற்று 11இற்கு இறங்கி, அதே கணத்தில் கணினி மீளத் தொடங்குமாயின் குற்றவாளி பிடிபட்டாயிற்று.

ஆனால் வலு வழங்கியின் பெட்டியைத் திறக்கவே கூடாது. 230 வோல்ற்று என்பது ஆடலோட்டத்தின் பயன்படு பெறுமானம். அதன் உச்சப் பெறுமானம் அதை √2 ஆல் பெருக்கக் கிடைக்கும் ஏறத்தாழ 325 வோல்ற்று. உள்ளேயிருக்கும் பெரிய கொள்ளளவிகள் அவ்வளவு உயர்ந்த வோல்ற்றளவைப் பிளக்கைக் கழற்றிய பின்னரும் சிறிது நேரம் தாங்கியிருக்கக் கூடும். பழுதடைந்த வலு வழங்கியை மாற்றுவதே முறை, திருத்துவதல்ல.

தாய்ப்பலகையின் கொள்ளளவிகளைக் கண்ணால் பார்த்தே சோதிக்கலாம். செயலியைச் சுற்றிச் சிறு உருளைகளாக நிற்கும் அவற்றின் உச்சி தட்டையாக இருக்க வேண்டும். உப்பியிருந்தாலோ, கபில நிறக் கசிவு காணப்பட்டாலோ தாய்ப்பலகை நோயுற்றுள்ளது. 2000ஆம் ஆண்டை அண்டிய வருடங்களில் தயாரான பல தாய்ப்பலகைகளில் தரமற்ற மின்பகுபொருள் கொண்ட கொள்ளளவிகள் பொருத்தப்பட்டு, உலகம் முழுவதும் இவ்வாறு பழுதாகின. அக்காலக் கணினிகள் சில பாடசாலைகளிலும் வீடுகளிலும் இன்னும் இருப்பதால் இதை அறிந்து வைத்திருப்பது நல்லது.

இவ்விடத்தில் என் அனுபவம் ஒன்று. ஒரு வீட்டுக் கணினிக்கு வலு வழங்கி மாற்றினார்கள், நினைவகம் மாற்றினார்கள், விண்டோசையும் இரண்டு தடவை நிறுவினார்கள். மீளத் தொடங்குவது நிற்கவில்லை. கடைசியில் பார்த்தால், பெட்டியின் முன்புறத்தில் உள்ள மீளமைப்புப் பொத்தான் தூசியும் ஈரமும் சேர்ந்து உள்ளே அழுந்தியபடியே ஒட்டிக்கொண்டு, அடிக்கடி தொடுகையை ஏற்படுத்திக் கொண்டிருந்தது. தாய்ப்பலகையிலிருந்து அப்பொத்தானுக்குச் செல்லும் இரு முள் வயரைக் கழற்றியதும் கணினி சுகமாகியது. செலவு ஒன்றும் இல்லை. அன்றிலிருந்து பெட்டியைத் திறந்தால் நான் முதலில் கழற்றிப் பார்ப்பது அந்த வயரைத்தான்.

நினைவகமும் வெப்பமும்

பெட்டியைத் திறக்கு முன் பிளக்கைக் கழற்றி, ஆளியை ஒரு தடவை அழுத்தி எஞ்சிய மின்னை வெளியேற்றுங்கள். பெட்டியின் வர்ணம் பூசாத உலோகப் பகுதியைத் தொட்டு உடலிலுள்ள நிலைமின்னைப் போக்குங்கள்.

தற்போக்கு அணுகல் நினைவகம், அதாவது றாம், தாய்ப்பலகையின் பிளவில் செருகப்பட்டுள்ளது. காற்றில் ஈரமும் உப்பும் கூடிய கரையோரப் பிரதேசங்களில் அதன் தொடுகைகளில் மெல்லிய படலம் படிந்து இணைப்புக் கெடலாம். நினைவகத்தைக் கழற்றி, பொன்னிறத் தொடுகைகளைப் பென்சில் எழுத்தை அழிக்கும் மென்மையான இறப்பரால் இலேசாகத் தேய்த்து, துகள்களைத் துடைத்துவிட்டு மீளச் செருகுங்கள். இரண்டு நினைவகத் தகடுகள் இருப்பின் ஒன்றை மட்டும் செருகி இயக்கிப் பாருங்கள், பின்னர் மற்றதை. ஒன்றுடன் மட்டும் மீளத் தொடங்குமாயின் அதுவே பழுது. விண்டோஸ் விஸ்டா முதல் வந்த பதிப்புகளில் நினைவகத்தைச் சோதிக்கும் நிரல் உள்ளடக்கப்பட்டுள்ளது.

இங்கு நினைவில் கொள்ள வேண்டிய விதி: ஒரு தடவையில் ஒரு மாற்றம் மட்டுமே. நினைவகத்தையும் வயரையும் காட்சி அட்டையையும் ஒரே நேரத்தில் கழற்றி மாட்டிக் கணினி சரியாகிவிட்டால், எது காரணம் என்று உங்களுக்கும் தெரியாது, அடுத்த முறையும் தெரியாது. விஞ்ஞான பாடத்தில் ஒரு மாறியை மட்டும் மாற்றிப் பரிசோதனை செய்யும் அதே முறைதான் இது.

வெப்பத்தைப் பொறுத்தவரை, பயோஸ் திரையிலேயே செயலியின் வெப்பநிலையும் விசிறியின் வேகமும் காட்டப்படும். வெப்பநிலை 40 முதல் 60 பாகை செல்சியஸ் வரை நின்றால் கவலை இல்லை. நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே 80, 90 என ஏறுமாயின் விசிறி சுழலவில்லை, அல்லது வெப்பமுறிஞ்சி செயலியுடன் ஒட்டவில்லை, அல்லது இடையில் பூசிய வெப்பக் கடத்திப் பசை காய்ந்துவிட்டது. அதிகம் சூடானால் செயலி தன்னைக் காத்துக்கொள்ள முற்றாக நின்றுவிடுவதே வழமை; சில கணினிகள் மட்டும் மீளத் தொடங்கும். எமது வீடுகளில் விசிறிக்குள் தூசி மாத்திரமல்ல, எறும்புப் புற்றும் செத்த பல்லியும் கிடப்பதுண்டு. மென்தூரிகையால் சுத்தம் செய்யும்போது விசிறி சுழலாதவாறு விரலால் பிடித்துக்கொள்ளுங்கள்.

விண்டோஸ் மறைக்கும் செய்தி

இனி, வினாவிலுள்ள மாணவியின் கணினிக்கு வருவோம். அது ஒவ்வொரு தடவையும் விண்டோஸ் சின்னத்தின் பின்னரே மீளத் தொடங்குகின்றது.

பணிசெயல் முறைமையின் கருவில் பாரிய வழு ஏற்பட்டால் விண்டோஸ் நீலத் திரை ஒன்றைக் காட்டி, நிறுத்தக் குறியீடு ஒன்றை எழுதி நின்றுவிடும். ஆனால் விண்டோஸ் எக்ஸ்பி தொடக்கம், இத்தகைய வழு ஏற்பட்டால் தானாக மீளத் தொடங்கும்படி ஏற்கெனவே அமைத்துத் தரப்படுகின்றது. நீலத் திரை ஒரு கண் சிமிட்டும் நேரமே தோன்றி மறையும். அடுத்த தொடக்கத்திலும் அதே வழு, அதே மீள் தொடக்கம். ஆக, "கணினி மீளத் தொடங்குகின்றது" என்பது இங்கு நோயல்ல. நோயின் பெயரை எழுதிய தாளை எமக்குக் காட்டாமல் கிழித்துப் போடும் செயல்தான் அது.

விண்டோஸ் எக்ஸ்பி, 7 ஆகியவற்றில் சின்னம் தோன்று முன் எஃப்8 விசையை விட்டு விட்டு அழுத்தினால் தெரிவுப் பட்டியல் ஒன்று வரும். அதில் "முறைமை வழுவின்போது தானாக மீளத் தொடங்குவதை நிறுத்துக" எனும் பொருள்படும் வரியைத் தெரிவு செய்தால் நீலத் திரை நிலைத்து நிற்கும். விண்டோஸ் 10, 11 ஆகியவற்றில் எஃப்8 பொதுவாகப் பயன் தராது. தொடக்கம் தொடர்ந்து இரு தடவை தோல்வியுற்றால் அவை தாமாகவே மீட்புச் சூழலுக்குள் செல்லும். அங்கு தொடக்க அமைப்புகளைத் தெரிவு செய்து, வரும் பட்டியலில் 9ஐ அழுத்தினால் தானியங்கு மீள் தொடக்கம் நிற்கும், 4ஐ அழுத்தினால் பாதுகாப்பு நிலை திறக்கும்.

நீலத் திரையின் குறியீடு பதினறும எண்ணாகும் என்பதைக் கவனிக்க. எண் முறைமைகள் அலகில் கற்றது இங்கு பயன்படுகின்றது. இறுதி இலக்கங்கள் 24 எனில் அது தசம 24 அல்ல, 2 × 16 + 4 = 36 ஆகும்; பொருள், வன்தட்டின் கோப்பு முறைமையில் வழு. 7பி எனில் 7 × 16 + 11 = 123; பொருள், தொடங்க வேண்டிய தட்டை விண்டோசால் அணுக முடியவில்லை. பயோசில் வன்தட்டுக் கட்டுப்படுத்தியின் நிலையை யாரோ மாற்றிவிட்டாலும் இது தோன்றும். முன்னிருந்த நிலைக்கு மாற்றினால் போதும். 50 எனில் நினைவகமோ பிழையான சாதனச் செலுத்தியோ காரணமாகலாம்.

பாதுகாப்பு நிலையில் விண்டோஸ் மிக அவசியமான செலுத்திகளை மட்டுமே ஏற்றும். வழக்கமான நிலையில் மீளத் தொடங்கும் கணினி, பாதுகாப்பு நிலையில் நன்றாக இயங்குமாயின் அண்மையில் நிறுவிய செலுத்தியோ மென்பொருளோ இற்றைப்படுத்தலோதான் காரணம். அதை நீக்கிவிட்டால் பெரும்பாலும் பிரச்சினை தீரும். எக்ஸ்பி, 7 பயன்படுத்துவோர் அதே எஃப்8 பட்டியலில் "இறுதியாகச் சரியாக இயங்கிய அமைப்பு" என்பதையும் முயன்று பார்க்கலாம்.

இதற்கு உலகறிந்த உதாரணம் உண்டு. 2024 யூலை 19ஆம் திகதி, கிரவுட்ஸ்ட்ரைக் எனும் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த வழுவுள்ள இற்றைப்படுத்தல் ஒன்றினால் விமான நிலையங்கள், வைத்தியசாலைகள், வங்கிகள் எனப் பல இடங்களில் விண்டோஸ் கணினிகள் நீலத் திரை காட்டி மீண்டும் மீண்டும் தொடங்கின. பாதிக்கப்பட்டவை ஏறத்தாழ 85 இலட்சம் என மைக்ரோசொப்ற் மதிப்பிட்டது. அதில் வைரசும் இல்லை, வன்பொருள் பழுதும் இல்லை. பல கணினிகளில் பாதுகாப்பு நிலைக்குச் சென்று ஒரேயொரு வகைக் கோப்பை அழித்ததுமே சரியாகின. அவற்றைப் போமற் செய்யத் தேவை இருக்கவில்லை!

வைரஸ் என எழுதும் மாணவர்களுக்காக மறுபக்கத்தையும் கூறவேண்டும். 2003 ஓகஸ்டில் பரவிய பிளாஸ்டர் எனும் புழு நிரல் எக்ஸ்பி கணினிகளை உண்மையாகவே மீளத் தொடங்க வைத்தது. 2004இல் சாசர் எனும் புழுவும் அவ்வாறே செய்தது. ஆனால் அவை கணினி முற்றாகத் தொடங்கி, இணையத்துடன் இணைந்த பின்னர், 60 செக்கன் எண்ணிக்கையைத் திரையில் காட்டிய பின்பே மீளத் தொடங்கச் செய்தன. வலையமைப்பு வயரைக் கழற்றினால் நின்றுவிடும். தொடங்கும்போதே நிகழும் வழுவுடன் இதைக் குழப்பக் கூடாது.

வன்தட்டும் கோப்புகளும்

வன்தட்டிலிருந்து "டிக், டிக்" என ஒழுங்கான ஒலி கேட்டால் உடனே கணினியை நிறுத்துங்கள். மீண்டும் மீண்டும் இயக்கிப் பார்க்கும் ஒவ்வொரு தடவையும் கோப்புகளை மீட்கும் வாய்ப்பைக் குறைக்கின்றது. தட்டைச் சோதித்துத் திருத்தும் செக்டிஸ்க் கட்டளை பயனுள்ளதே. ஆனாலும் சாகும் தறுவாயிலுள்ள தட்டில் அதை ஓடவிடுவது நோயாளியை ஓட்டப் போட்டிக்கு அனுப்புவது போன்றது. முதலில் பிரதி, பின்னர்தான் திருத்தம்.

விண்டோஸ் தொடங்காவிட்டாலும் கோப்புகள் அங்கேயே உள்ளன. அவற்றை எடுக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, வன்தட்டைக் கழற்றி, யூ.எஸ்.பி. மாற்றி மூலம் வேறு கணினியில் இணைப்பது. மற்றது, நிறுவாமலே இயங்கும் லினக்ஸ் பணிசெயல் முறைமையைப் பயன்படுத்துவது. 2004 ஒக்ரோபரில் முதலில் வெளிவந்த உபுண்டு இவ்வகையில் பெயர் பெற்றது. 2011 வரை அதன் இறுவட்டைக் கேட்டவர்களுக்குத் தபாலில் இலவசமாகவே அனுப்பினார்கள். இப்போது வேறொரு கணினியில் பதிவிறக்கி, பென் டிரைவில் ஏற்றிப் பயன்படுத்தலாம். தொடங்கும்போது "நிறுவுக" என்பதைத் தெரிவு செய்யாமல் "முயன்று பார்க்க" என்பதையே தெரிவு செய்க. தவறி நிறுவினால் வன்தட்டு அழிந்துபோகும்.

இம்முறையில் இன்னொரு நன்மையும் கிடைக்கும். லினக்ஸ் அரை மணித்தியாலம் தடங்கலின்றி இயங்குமாயின் வலு, நினைவகம், செயலி ஆகியன பெரும்பாலும் நலமே. கோப்புகளைப் பிரதி செய்துகொண்டிருக்கும்போதே வழு எந்தப் பக்கம் என்ற விடையும் வந்துவிடுகின்றது. புதிய மடிக்கணினிகள் சிலவற்றில் வன்தட்டு மறைகுறியாக்கப்பட்டிருக்கும். அவற்றுக்கு 48 இலக்க மீட்புத் திறவுகோல் தேவை. கணினி நலமாக இருக்கும்போதே அதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பிரதி எடுத்த பின் மீள நிறுவத் தடையில்லை. எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரலிலும், விண்டோஸ் 7இற்கு 2020 ஜனவரியிலும், விண்டோஸ் 10இற்கான வழமையான ஆதரவு 2025 ஒக்ரோபரிலும் முடிவடைந்ததால், எப்படியும் நிறுவத்தான் வேண்டுமென்றால் கணினி தாங்கும் புதிய பதிப்பைத் தெரிவு செய்வது பொருத்தமானது.

வினாவுக்கான விடை

(அ) பிழையான சாதனச் செலுத்தி அல்லது இற்றைப்படுத்தல் ஒன்று தொடக்கத்தில் ஏற்றப்படல். வன்தட்டின் கோப்பு முறைமை அல்லது பணிசெயல் முறைமைக் கோப்பு பழுதடைந்திருத்தல். ("ஒவ்வொரு தடவையும் விண்டோஸ் சின்னத்தின் பின்னரே நிகழ்வதால்" என ஒரு வரி சேர்த்தால் விடை முழுமை பெறும். வலு வழங்கி என எழுதுவதாயின், விண்டோஸ் ஏறும்போது வலுத் தேவை கூடுகின்றது என்ற காரணத்தையும் எழுதுக.)

(ஆ) கணினியைப் பயோஸ் அமைப்புத் திரையில் 20 நிமிடம் இயங்க விடல். அப்போதும் மீளத் தொடங்கினால் பணிசெயல் முறைமை ஏற்றப்படாத நிலையிலும் வழு நிகழ்வதால் அது வன்பொருள் வழுவாகும். மீளத் தொடங்காவிடின் மென்பொருளிலோ வன்தட்டிலோ வழு இருக்கும் சாத்தியம் அதிகம். (வேறு கணினியில் தயாரித்த லினக்ஸ் பென் டிரைவ் மூலம் தொடங்கிப் பார்த்தலும் ஏற்கத்தக்க விடையாகும்.)

(இ) செயற்றிட்டக் கோப்புகளை வன்தட்டிலிருந்து வேறொரு சேமிப்புச் சாதனத்திற்குப் பிரதி செய்து, அவை வேறு கணினியில் திறக்கின்றனவா எனச் சரிபார்த்தல். மீள நிறுவும்போது வன்தட்டு போமற் செய்யப்பட்டால் அதிலுள்ள தரவுகள் இழக்கப்படும் என்பதாலும், வேறு பிரதி இல்லை என வினாவில் கூறப்பட்டுள்ளதாலும் இது அவசியமாகும்.

"திறக்கின்றனவா எனச் சரிபார்த்தல்" என்பதை மாணவர்கள் விட்டுவிடுகிறார்கள். பழுதான தட்டிலிருந்து பிரதி செய்த கோப்பு பெயரளவில் மாத்திரம் வந்து, உள்ளே வெறுமையாக இருக்கலாம்.

பயிற்சி

கணினி ஒன்று இயக்கப்பட்டு 6 நிமிடத்தில் மீளத் தொடங்குகின்றது. அடுத்து 3 நிமிடத்தில். அடுத்து 1 நிமிடத்தில். பயோஸ் திரையிலும் இதுவே நிகழ்கின்றது. ஒரு மணித்தியாலம் நிறுத்தி வைத்த பின் மீண்டும் 6 நிமிடம் இயங்குகின்றது. உரிமையாளர் புதிய வன்தட்டு ஒன்றை வாங்க எண்ணுகிறார். அவருக்கு நீங்கள் கூறும் ஆலோசனை யாது? தரப்பட்ட அவதானிப்புகளில் எவை உங்கள் முடிவுக்கு ஆதாரமாகின்றன?